கரையேறும் கண்டல்

மரங்கள் நடப்பதில்லை என்று இருபது வருடமாகப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாவரத்துக்கும் விலங்குக்கும் உள்ள வேறுபாடுகளில் முதலாவது அது. நான் கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். இப்போதும் எழுதத்தான் செய்கிறேன், ஆனால் அந்த வரி வரும்போது கை சற்றுத் தயங்குகிறது.

என்னோடு கல்லடியில் ஒரே வகுப்பில் படித்த தோழி ஒருத்தி வெளிநாட்டுப் பனிமலைகளில் பல வருடம் மரங்களை ஆராய்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் படங்கள் காட்டினாள். மலையில் ஓர் உயரம் வரைக்கும் காடு இருந்தது. அதற்கு மேலே வெறும் புல்லும் கல்லும். யாரோ கத்தியால் வெட்டி நிறுத்தியதுபோல நடுவே ஒரு விளிம்பு.

"இதுக்கு மேல குளிர். மரம் வளரச் சூடு காணாது. இப்ப சூடு ஏறுது, அதோட மரமும் ஏறுது" என்றாள்.

"மரம் எப்பிடி ஏறும்?"

"மரம் ஏறாது. விதைதான் ஏறும். கிழடுகள் நிண்ட இடத்திலயே நிண்டு சாகும். கன்றுகள் அங்கால போய் முளைக்கும். வருசக்கணக்கா ஒரே இடத்தில நிண்டு பார்த்தா காடு நடக்கிற மாதிரித்தான் தெரியும்."

அடுத்த படத்தில் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன பெரிய மரங்கள் நின்றன. அவற்றுக்கு மேலே, மரமே இருந்திராத புல்வெளியில், முழங்கால் உயரக் கன்றுகள் சில, ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நின்றன. கூட்டத்தைவிட்டு முன்னே வந்து பின்னால் வருகிறவர்களுக்காக நிற்கும் ஆட்களைப்போல இருந்தது. எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எல்லா மலையிலும் இப்படி இல்லை என்றாள். சில இடத்தில் கன்று வரும், ஆனால் பனி போர்த்தாத ஒரு வருடம் வந்தால் வெறுங்குளிரில் கருகிவிடும். சில இடத்தில் சூடு ஏறியும் காடு அசையாமல் நிற்கும். ஏன் என்று அறிவதற்கு ஒரே வழி, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எண்ணுவது.

"எங்கட வாவிக்கரையிலயும் அப்பிடி ஒரு விளிம்பு இரிக்கு. உப்புத்தண்ணி மரமும் நல்லதண்ணி மரமும் சந்திக்கிற இடம். வருசத்துக்கு ரெண்டு தரம் போய் எண்ண ஆள் வேணும். நீ போறியா?"

சித்திரை விடுமுறையிலும் ஆவணி விடுமுறையிலும் எனக்கு வீட்டில் பெரிதாக வேலை இல்லை. ஓம் என்றேன்.

*

இடம் படுவான்கரையில், வாவியின் மேற்குப் பக்கத்தில். தேற்றாத்தீவில் பஸ்ஸால் இறங்கி வாவிப் பக்கமாக நடந்தால் ஒரு தோணி காத்திருக்கும். தோணிக்காரர் மீன்பிடிப்பவர், எதிர்க்கரையில் கொஞ்சம் வயலும் உண்டு. அண்ணன் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வீடு, நாங்கள் மரம் எண்ணுவதற்குப் போட்ட கோட்டின் மறுமுனையில் இருந்தது. பிள்ளைகள் இருவரும் கல்யாணம் முடித்து வெளியூர் போய்விட்டதால் அவரும் மனைவியும் மட்டும்தான் அங்கே. அவர் விடியமுன் வலைக்குப் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவார். அதுவரைக்கும் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தனியே இருப்பார். பக்கத்து வீடு என்று சொல்லக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒன்றும் இல்லை.

முதல் நாள் தோழியும் வந்தாள். தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு கயிற்றை நேராக இழுத்தோம். முதலில் உப்புத்தண்ணி மரமான கண்டல், கால்களை விரித்துச் சேற்றில் நின்றது. பிறகு தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று அண்ணன் எங்களைச் சுற்றிக் கூட்டிப்போனார். பிறகு காலடியில் நொறுங்கும் உவர்த்தரை. அதற்கும் அப்பால் வாய்க்கால் வரம்பில் நல்லதண்ணி மரமான மருது, பதினொன்று, வரிசையாக நின்றன. இரண்டு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். அவற்றின் நிழல் தாண்டினால் வட்டை, நெல்வயல் விரிந்து கிடக்கும். வயலின் ஓரத்தில் அவர்களுடைய வீடு.

கோட்டில் நின்ற ஒவ்வொரு மரத்திலும் நம்பர் அடித்த சின்ன அலுமினியத் தகடு ஒன்றைக் கம்பியால் தொங்கவிட்டோம். மருத மரங்களுக்கு முப்பத்தொன்று முதல் நாற்பத்தொன்று வரை வந்தது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு ரீச்சர்?"

"எது இரிக்கு, எது இல்ல எண்டு அடையாளம் தெரிய."

"அதை மரத்துக்குச் சொல்லிற்றுச் செய்யிறயா?" என்று சிரித்தார்.

முதல் மூன்று வருடம் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எண்ணினோம், எழுதினோம், அக்கா சமைத்த இறால் கறியோடு சோறு சாப்பிட்டோம்.

நாலாம் வருடம் மாரி மழை பிந்தி வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது; உப்பைக் கழுவ நல்லதண்ணீர் காணவில்லை. ஆவணியில் போனபோது தோணியில் இருந்தே வித்தியாசம் தெரிந்தது. மருத மரங்களின் உச்சியில் பச்சை இல்லை. கிட்டப் போனால் அடிமரத்தில் இலைகள் இருந்தன, மேலே வெறுங்கொம்புகள். மருதுக்குப் பட்டை உரிவது வழமைதான். ஆனால் இம்முறை உரிந்த இடத்தில் புதுப்பட்டை வரவில்லை. வெள்ளையாக, வழுவழுப்பாக, உடுப்புக் களைந்த மாதிரி நின்றன.

அடுத்த சித்திரையில் ஏழு மரங்கள் செத்திருந்தன. கொப்பியில் ஏழு நம்பருக்கு எதிரே புள்ளடி போட்டேன். கொம்புகள் முழுவதும் நீர்க்காகங்கள். ஒன்றும் கத்தவில்லை, சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நாங்கள் போகும் பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

அன்றுதான் வாய்க்காலைப் பார்த்தேன். கண்டல் காய் முருங்கைக்காய் போல நீளமானது, மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். விழுந்தால் மிதந்துபோய், சேறு கண்ட இடத்தில் குத்திட்டு நிற்கும். அப்படி ஒரு நூறு வாய்க்காலுக்குள் நின்றன. மருத மரங்களைத் தாண்டி, வயல் பக்கமாக, ஒரே இடைவெளியில், இரண்டு வரிசையாக. நுனியில் இரண்டிரண்டு இலை. காற்றே இல்லாத மத்தியானம், ஒரு இலையும் அசையவில்லை. யாரோ அளந்து நட்டதுபோல இருந்தது.

"நீங்க நட்டதா அண்ணன்?"

"நான் ஏன் ரீச்சர் என்ட வயலுக்க கண்டலை நடுறன்?"

"அப்ப ஆர்?"

வாவித் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறும்போது காய்களைக் கொண்டுவந்திருக்கும், இறங்கும்போது இரு கரையிலும் ஒதுக்கிவிட்டிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் வீட்டை நோக்கி நடந்தபோது முதுகு கூசியது.

வயலுக்குள் வந்த கன்றுகளை அக்கா ஒவ்வொரு காலையிலும் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கியவற்றை வேலியோரம் குவித்திருந்தார். காய்ந்ததும் எரிக்கலாம் என்று நினைத்தாராம்.

"காயுதில்ல ரீச்சர். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பிடுங்கி மாதக்கணக்கான கன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. குவியலின் மேல்புறம் பச்சையாக இருந்தது. படுத்துக் கிடந்த தண்டுகளில் இருந்து புது இலைகள் வெளிச்சத்தைப் பார்த்து வளைந்து எழும்பியிருந்தன. அடியில் ஒரு தண்டைத் தூக்கினேன். வரவில்லை. வேர் விட்டிருந்தது.

அன்று சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முப்பத்தேழாம் மரம் விழுந்தது. காற்று இல்லை, மழை இல்லை. நீண்ட பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், பிறகு நிலம் ஒருதரம் அதிர்ந்தது. நானும் அண்ணனும் எழும்பி ஓடினோம். அக்கா எழும்பவில்லை. தட்டைப் பார்த்தபடி, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார்.

*

ஆறாம் வருடத்துச் சித்திரையில் நான் முதலில் கண்டது தகடு முப்பத்தொன்று. செத்த மருத மரத்தில் அது இல்லை. இருபது அடி தள்ளி, வாய்க்கால் ஓரத்தில், இடுப்பளவு வளர்ந்த ஒரு கண்டல் கன்றின் தண்டில் தொங்கியது. கம்பி அழகாக இரண்டு சுற்றுச் சுற்றப்பட்டிருந்தது.

தேடிப் பார்த்ததில் மொத்தம் ஒன்பது தகடுகள் இடம் மாறியிருந்தன. ஒன்பதும் செத்த மருத மரங்களின் தகடுகள்; முதல் ஏழுக்குப் பிறகு, போன ஆவணியில் இன்னும் இரண்டுக்குப் புள்ளடி போட்டிருந்தேன். ஒன்பதும் இப்போது உயிரோடு நின்ற கண்டல் கன்றுகளில். கொப்பியில் நான் புள்ளடி போட்ட நம்பர்களெல்லாம் எழும்பி, வீட்டுப் பக்கமாக நடந்து வந்து நின்றன.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் கறுத்துப்போனது.

"நான் தொடல்ல ரீச்சர். சத்தியமா. இந்தப் பக்கம் வாறதையே குறைச்சிட்டன்."

"ஏன்?"

"இதுக்க நடக்கக்க பின்னால ஆரோ தட்டுற மாதிரிக் கேக்கிற. முந்தி. இப்ப கொஞ்ச நாளாக் கேக்கிறதில்ல. கேக்காதது இன்னும் பயமாக் கிடக்கு."

திரும்பும்போது அவர் கம்பை ஊன்றித் தோணியை வழமையைவிட வேகமாகத் தாங்கினார். வீட்டுக்கு வந்து தோழிக்கு போன் எடுத்தேன். அவள், "நீ கண்டதை அப்படியே எழுது. காரணம் எழுதாதே. காரணம் பிறகு வரும்" என்றாள்.

எனக்கு ஆவணி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், மண்முனைப் பாலத்தால் சுற்றிப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓர் ஆட்டோ பிடித்து வயல் ரோட்டில் இறங்கினேன். வரம்பால் நடந்து வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தேன். உச்சி வெயில். வீடு திறந்து கிடந்தது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

வாய்க்கால் பக்கம் ஒரு குரல் கேட்டது. அடங்கிய குரல், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"முப்பத்தெட்டு. நீ முப்பத்தெட்டு. விளங்குதா?"

அக்கா சேற்றில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு கண்டல் கன்று. அதன் தகட்டுக் கம்பி தண்டை நெரிக்காதபடி இளக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நான் வரம்பிலேயே நின்றேன். அவராகத்தான் திரும்பினார். திடுக்கிடவில்லை.

"வாங்க ரீச்சர். சோறு வடிக்கணும், வாங்க" என்றார்.

சோற்றை வடித்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் கேட்கும்வரை காத்திருந்ததுபோல எதிரே இருந்தார்.

"ஏன் அக்கா தகட்டை மாத்தினீங்க?"

"சத்தம் ரீச்சர்."

"என்ன சத்தம்?"

"மரம் உசிரோட இரிக்கக்க அது சத்தம் போடல்ல. பட்டை மெத்தை மாதிரித்தானே. பட்டை விழுந்த பிறகு வெறும் வைரக்கட்டை. மேற்கால வாற கச்சான் காத்துக்குத் தகடு அதில அடிக்கும். டொக், டொக். ஒரு மரமெண்டால் பரவால்ல. ஒன்பது மரம். காலையில அவர் போனா மத்தியானம் வரைக்கும் நான் தனிய இரிக்கன். ஆரோ வாசல்ல நிண்டு தட்டுற மாதிரி. ஒருதரம் வாறன் எண்டு சொல்லிற்று எழும்பிப் போயிற்றன். போய்ப் பார்த்தா வெயில் மட்டும் நிக்கிது."

அவர் என் கையிலிருந்த கொப்பியைக் காட்டினார்.

"நீங்க வந்து செத்தது எண்டு எழுதிற்று, தகட்டை விட்டிற்றுப் போறீங்க. செத்ததுக்கு நம்பர் என்னத்துக்கு? கழட்டினன். கழட்டினதை எறிய மனம் வரல்ல, அது உங்கட சாமான். உசிரோட நிக்கிறதில கட்டினா நம்பர் குறையாதே எண்டு கட்டினன்."

"கட்டின கன்றுகளைப் பிடுங்கல்லயா?"

"நம்பர் போட்டதைப் பிடுங்கலாமா? நீங்கதானே அடையாளம் எண்டு சொன்னீங்க. அந்த ஒன்பதையும் பிடுங்கல்ல. பிறகு அதுகளுக்குப் பக்கத்தில நிக்கிறதையும் பிடுங்க மனம் வரல்ல. பிறகு விட்டிற்றன்."

யன்னலால் வயலைப் பார்த்தேன். வயலின் மேல் பாதியில் நெல் நின்றது. கீழ்ப் பாதியில் கரும்பச்சையாகக் கண்டல், அக்காவின் இடுப்புக்கு மேலால். அவர் காலையில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்த வரைக்கும் அது அங்கே இல்லை. என் தகடுதான் முதல் ஒன்பதுக்கும் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

செத்த மரத்தில் தகட்டை விட்டுவைப்பது எங்கள் முறை. விழும் நாளையும் எழுதவேண்டும் என்பதற்காக. ஆறு வருடத்தில் ஒரு தரமாவது அந்த மரங்களுக்கு நடுவில் காற்றுள்ள நேரத்தில் தனியே இருந்து பார்த்திருந்தால் எனக்கும் கேட்டிருக்கும். நான் வந்து எண்ணிவிட்டு, இறால் கறி சாப்பிட்டுவிட்டு, தோணி ஏறுகிறவள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா" என்றேன்.

"நீங்க என்ன செய்யிற? மரம் சாகிறது உங்களாலயா?" என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு, "சத்தம் நிண்டது நல்லம்தான். ஆனா இப்ப அதுகள் வளருற சத்தம் கேக்கிற மாதிரி இரிக்கு" என்றார். சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன், என் பிழையும் சேர்த்து. தோழி வாசித்துவிட்டு எனக்கு போன் எடுத்தாள். மலையிலும் அப்படி நடந்தது என்றாள். கோட்டைக் காட்ட அவர்கள் ஊன்றிய கம்புகளில் பனி ஒதுங்கிக் குவிந்து, அந்தக் கம்படியில் மட்டும் கன்றுகள் குளிருக்குத் தப்பி முளைத்தனவாம். மற்ற இடமெல்லாம் வெறும் புல்.

"முதல் ரெண்டு வருசம் காடு ஏறுது எண்டு சந்தோசமா எழுதினம். பிறகு பார்த்தா, எங்கட கம்பைப் பிடிச்சுத்தான் ஏறியிருக்கு."

"அப்ப காடு ஏறுறது பொய்யா?"

"இல்ல. கம்பு இல்லாமலும் ஏறத்தான் போகுது. கொஞ்சம் பிந்தும்."

*

அந்த வருட அறுவடையில் மேல் பாதி வயலும் சப்பியாகப் போனது. கதிர் நிமிர்ந்து நின்றது, உள்ளே அரிசி இல்லை. அடுத்த மாரியில் வீட்டுக்குப் போகும் பாதை வாவித் தண்ணீருக்குள் போய், தண்ணீர் வற்றிய பிறகும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. அண்ணனும் அக்காவும் இன்னும் மேற்கே, ரோட்டுப் பக்கம் உயரமான இடத்தில், அண்ணனின் தங்கையின் வளவில் ஒரு துண்டில் சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கூரைத் தகரத்தையும் கதவுகளையும் கழற்றித் தோணியில் கொண்டுபோனார்கள். அண்ணன் தோணியைப் பழைய வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவர முடிந்தது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கவலை இருக்கவில்லை. ஆச்சரியம் மாதிரி ஒன்று இருந்தது.

அதற்குப் பல வருடம் கழித்து, போன ஆவணியில், தோழியும் நானும் அவரோடு போனோம். மருத மரங்கள் இரண்டு மட்டும் நின்றன, பட்டையில்லாமல். தோணி வாய்க்காலுக்குள் நுழைந்தது. இரு கரையிலும் கண்டல், மேலே கொப்புகள் சேர்ந்துவிட்டன, உள்ளே பச்சை இருட்டு. சேற்றில் நண்டுகள் கொடுக்கைத் தட்டிச் சத்தம் போட்டன, தோணி கிட்டப் போனதும் எல்லாம் ஒன்றாக நின்றன. கொஞ்ச தூரத்தில் நான்கு சுவர் தெரிந்தது. கூரையில்லாத அடுக்களைக்குள், அடுப்பு இருந்த இடத்தில், ஒரு கண்டல் நின்றது. சுவருக்கு மேலால் தலை தெரிந்தது.

தோழி இறங்கி அளந்தாள். நான் தோணியிலேயே இருந்தேன். அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் ஒரு வெளியாள் அளவெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு காணாது, நீட்டவேண்டும் என்றாள் தோழி. நேராக மேற்கே கயிறு பிடித்துப் போனால், வயலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அவர்களுடைய புது வளவு ஓரமாகத்தான் வந்தது. வேறு வழியால் போகலாமா என்று கேட்டேன். கோடு வளையாது என்றாள்.

அக்கா வேலியடியில் நின்று எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வந்து கயிற்றின் நுனியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்த வளவில் வேம்பும் மாவும் இரண்டு தென்னையும் நின்றன, எல்லாம் நல்ல பச்சை. கோட்டின் முனைக்குக் கட்டையை அறைந்து முடிந்ததும், தோழி கிணற்றில் ஒரு வாளி இழுத்து, பையில் இருந்து உப்பை அளக்கும் விரல் நீளக் கருவி ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டாள். பிறகு என்னிடம் தந்தாள். நானும் பார்த்தேன். நல்ல தண்ணீருக்கு இருக்கவேண்டிய இடத்தில் கருவிக்குள் தெரிந்த கோடு இல்லை. ஒரு மயிரிழை மேலே நின்றது.

சொல்வதா வேண்டாமா என்று தோழி கண்ணால் கேட்டாள். இனி இந்த வீட்டில் எதையும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன்.

"அக்கா, கிணத்துக்க உப்பு லேசா வந்திரிக்கு. கொஞ்சம்தான். ஆனா வந்திரிக்கு."

அவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மாமரத்தடியில் ஊற்றினார்.

"தெரியும் ரீச்சர். ஒரு மாசமாத் தேத்தண்ணி வேற மாதிரி. அவருக்குச் சொல்லல்ல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அண்ணன் வேலிக்கு அப்பால் தோணித் தாங்குகம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். வெயில் கண்ணில் குத்தியதால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியும்" என்றார். "சாப்பிட வாங்க, சோறு ஆறப்போகுது."